பழவேற்காட்டில் ஒரு வெள்ளை கார் வைத்திருந்தால்

வாடகைக் கார் ஓட்டும் தொழிலில் வழி தெரியாமல் திணறுவது கொஞ்சம்தான். ஏறி உட்கார்ந்தவர் மனசில் என்ன நினைத்துக்கொண்டு ஏறினார் என்று தெரியாமல் திணறுவதுதான் அதிகம்.

நான் ஓட்டுவது ஒரு சின்ன வெள்ளை கார். பல கை மாறி எங்களிடம் வந்தது. ஏ.சி. கிடையாது. பின்பக்க ஜன்னல் ஒன்று பாதிக்கு மேல் இறங்காது. பழவேற்காட்டு உப்புக்காற்று அதன் பெயிண்டை நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் எஞ்சின் மட்டும் எதற்கும் கோபித்துக்கொள்ளாது. பெட்ரோலைக் கண்ணில் காட்டினால் போதும், ஓடும். மழையில் நனைந்தாலும் ஓடும், மணலில் மாட்டினாலும் பின்னால் இரண்டு பேர் தள்ளினால் ஓடும்.

இதை வாங்கியவர் என் வீட்டுக்காரர் அருள்தாஸ். பூநாரை பார்க்க வருகிறவர்கள், டச்சுக்காரர் கல்லறை பார்க்க வருகிறவர்கள், பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், இவர்களை ஏற்றி இறக்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஏரிப் பாலத்தின் மேல் எதிரே பஸ் வந்தால் தனக்குக் கை கால் உதறும் என்பது வாங்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஒருநாள் பாலத்தின் நடுவில் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். வண்டியைக் கொண்டுவர வேறு ஆள் போக வேண்டியதாயிற்று. அப்புறம் அவர் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் வெல்டிங் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். நான் மீஞ்சூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். விற்க மனசு வராத வீட்டில் யாராவது ஒருவர் ஓட்டித்தானே ஆக வேண்டும்?

சின்ன கார் வைத்துக்கொண்டு என்னைப் போலவே விழிபிதுங்கும் அன்பர்களே, நான் பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்கு ஏதாவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

வராத டிரைவர்

என் முதல் சவாரி லைட்ஹவுஸ் குப்பத்துப் பெரியவர் ஒருவர். பொன்னேரியில் கண் காட்டப் போக வேண்டும் என்று வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். "டிரைவர் எங்கமா?" என்றார். "நான்தான்யா" என்றேன். சரி என்று தலையாட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்தேன்.

கடைத்தெருவில் மாடு குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன். "இங்கதான் ஏறுவாரா?" என்று வெளியே எட்டிப் பார்த்தார். பெட்ரோல் பங்கில் நின்றபோது யாரோ ஏறப் போகிற மாதிரி குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தார். நான் திரும்பி, "ஐயா, நான்தான் ஓட்றேன்" என்று இன்னொரு முறை சொன்னேன். "பாத்துனுதான கீறேன், நல்லாதான் ஓட்ற. அவரு வர்ற வரைக்கும் நீயே ஓட்டு" என்றார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பொன்னேரியில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"டிரைவர் வந்தார்னா சொல்லுமா, அவரு இல்லாட்டியும் வண்டி நல்லா வந்துச்சினு."

தரையில் ஓட்டை

ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது என் வலது காலுக்குப் பக்கத்தில் ரோடு ஓடுவது தெரிந்தது. தரைத் தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. மெக்கானிக் காதர் பாயிடம் கொண்டுபோனேன். குனிந்து பார்த்துவிட்டு, "வெல்டிங் வெக்கணும். எதுமேல வெக்கிறது? சுத்தி பூரா தூளா கீது" என்றார். வீட்டிலேயே ஒரு வெல்டர் இருக்கிறாரே என்று அருளிடம் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார். "தகடு இருந்தாத்தான் தகட்ட ஒட்ட முடியும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கடைசியில் ஏரிக்கரையில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கும் ரவி அண்ணன்தான் கைகொடுத்தார். ஓட்டை விழுந்த படகுக்கு எப்படித் துணி வைத்து, பசை ஊற்றி, காயவைத்து அடைப்பார்களோ அப்படியே என் வண்டியின் தரையையும் அடைத்தார். பசை காயும் வரை வண்டி இரண்டு படகுகளுக்கு நடுவே நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் இதுவும் கடலுக்குப் போகப் போகிறதா என்று கேட்டார்கள்.

அந்த வருஷ மழையில் ரோட்டில் தண்ணீர் ஏறி நின்றது. பெரிய வண்டிக்காரர்கள் எல்லாம் உள்ளே தண்ணீர் வந்துவிட்டது என்று தரைவிரிப்பை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். என் வண்டியில் ஒரு சொட்டு ஏறவில்லை. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு காதர் பாயிடம் ஆயில் மாற்றப் போனேன். அவர் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மேல எதுன்னா ஆச்சின்னா எங்கிட்ட வா. கீழ எதுன்னா ஆச்சின்னா ரவிகிட்ட போ. படகு வேல எனக்குத் தெரியாது."

கெல்ட்ரியா

ஹாலந்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கி என் வண்டியைக் கைகாட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் வந்தால் எங்கே போவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நேரே டச்சுக் கல்லறைக்குக் கொண்டுபோனேன். வாசல் தூணில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கல்லில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

திரும்ப வண்டியில் ஏறியதும் அந்த அம்மா நெஞ்சில் கைவைத்து, "கெல்ட்ரியா" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் நெஞ்சில் கைவைத்து, "கெல்ட்ரியா, கெல்ட்ரியா" என்றார். முகம் சிவந்திருந்தது. நல்ல வெயில். நெஞ்சுவலி மாத்திரை கேட்கிறார் என்று நினைத்து, ஒரே மிதியாக மெடிக்கல் ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கடைக்காரர் அலமாரி முழுக்கத் தேடினார். கடைசியில் உப்புச் சர்க்கரைப் பொடி ஒன்றைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதைக்குக் குடித்து முடித்தார். அப்புறம் அவர் கணவர் என் வண்டி பானட்டின் தூசியில் விரலால் ஒரு சதுரம் போட்டார். நான்கு மூலையிலும் துருத்திக்கொண்டு ஒரு அம்பு முனை. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது கோட்ட இல்ல?" என்றார். அவர்கள் முன்னோர் இங்கே கட்டிய கோட்டைக்குத்தான் கெல்ட்ரியா என்று பெயராம். நாங்கள் வெறுமனே கோட்டை என்றுதான் சொல்வோம்.

கோட்டை இருந்த இடத்தில் இறக்கிவிட்டேன். மேடு, பள்ளம், ஆளுயரக் கருவேல முள். அந்த அம்மா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். இடித்தது நான் இல்லை என்று சொல்வதா, பார்த்துக்கொள்ளாமல் விட்டதற்கு மன்னிப்பு கேட்பதா, இல்லை இங்கே கோட்டை கட்டச் சொன்னது யார் என்று நான் அவரைக் கேட்பதா? எதற்கும் என்னிடம் இங்கிலீஷ் இல்லை. அவர் கையைப் பிடித்து முள் குத்தாத பக்கமாக நடத்திக் கூட்டி வந்தேன். அவரும் கையை விடவில்லை.

மறுநாள் மெடிக்கல் ஷாப்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"கோட்ட சரி. நெஞ்சப் புடிச்சினு கேட்டாங்களே, அதுக்கு எதுன்னா மருந்து வாங்கி வெக்கணுமா, வாணாமா?"

மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில்

இது சின்ன கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒருநாள் நடந்திருக்கும், அல்லது நடக்கும். மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்குப் போகிறவர்களை இறக்கிவிட்டு, காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பினேன். சாவியைப் போட்டேன், கதவு திறந்தது. திருப்பினேன், வண்டி கிளம்பியது. ஊரைத் தாண்டும் இடத்தில், வழக்கம்போல முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்ளத் தலையைத் தூக்கினேன். அங்கே பிள்ளையார் இருந்தார்.

முதலில் அருள் மேல்தான் சந்தேகம் வந்தது. அவருடைய சிநேகிதர் யாராவது கொடுத்திருப்பார்கள், என்னிடம் சொல்லாமல் மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அப்படியானால் மாதாவை எங்கே வைத்தார் என்று ஓரமாக நிறுத்தித் தேடினேன். பின்னால் சீட்டில் நான் வாங்காத ஒரு குழந்தையின் ஸ்வெட்டர் கிடந்தது. ஹாரனை அடித்துப் பார்த்தேன். என் ஹாரன் இருமும். இது பாடியது. அப்போதுதான் விளங்கியது. ஊர் பேர் தெரியாத ஒருத்தருடைய வண்டியைத் திருடிக்கொண்டு, அதில் உட்கார்ந்து சாமி தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தால் என் வண்டியைக் காணோம். போலீசில் சொல்லலாம் என்றால், யார் யார் மேல் புகார் கொடுப்பது? அந்த வண்டிக்குள்ளேயே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டே என் வண்டி வந்தது. பின்சீட்டு முழுக்க எவர்சில்வர் பாத்திரங்கள். இறங்கியவர் மீஞ்சூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவருக்கும் வியர்த்து ஊற்றியிருந்தது. தேய்ந்துபோன சாவி இரண்டு வண்டிக்கும் சேரும் என்று பிற்பாடு காதர் பாய் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு இருவருமாகப் பாத்திரங்களை அவர் வண்டிக்கு மாற்றி அடுக்கினோம். கடைசி அண்டாவை வைத்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

"மாதா படத்தப் பாத்தேன் சிஸ்டர். எங்க வீட்டம்மாதான் எதுன்னா வேண்டிக்கிட்டு வெச்சிட்டாங்களாட்டம் கீது, வீட்ல போயி கேட்டுக்கலாம்னு பேசாம ஓட்னு போய்ட்டேன்."

எளாவூர் செக்போஸ்ட்

கோரைக்குப்பத்துக் கன்னியம்மா அக்கா என் நிரந்தர வாடிக்கை. உயிர் நண்டு வாங்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடிக் கூடையில் வைத்து, ஆந்திர எல்லைக்கு அந்தப்புறம் தடாவில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருடைய வீட்டுக்காரர் பெயரும் அருள்தான், அருள்முருகன். என் வீட்டுக்காரரோடு அதே காண்ட்ராக்டரிடம்தான் வேலை. அங்கே இரண்டு பேரையும் வெறும் அருள் என்றே கூப்பிடுவார்கள். யாரைக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் திரும்புவார்களாம்.

எளாவூர் செக்போஸ்ட்டில் புதுசாக வந்திருந்த ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே குனிந்து, நான் ஆந்திராக்காரி என்று நினைத்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். எனக்குத் தெலுங்கு வராது, விழித்தேன். பின்னாலிருந்து கன்னியம்மா அக்கா சரளமான தெலுங்கில் பதில் சொன்னார். அவ்வளவு வேகத் தெலுங்கு அவருக்கே சரியாக விளங்கவில்லை. "தமிழா, தெலுங்கா?" என்றார். "நான் தமிழ், அவங்க ரெண்டும்" என்றேன். "வண்டி யாருது?" என்றார். "அருளுது" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "அவரு யாரு?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்று நான் சொன்னேன். தன் வீட்டுக்காரரைக் கேட்கிறார் என்று நினைத்து அக்காவும் அதையே சொன்னார். போலீஸ்காரர் நிமிர்ந்து நின்று தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

நான் விளக்கலாம் என்று வாயைத் திறக்கிறபோது, கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று என் சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, திறந்திருந்த கதவு வழியாக இறங்கி அவர் பூட்ஸ் பக்கம் நடந்தது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். நண்டும் நின்றது. யார் முதலில் நகர்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. அக்கா இறங்கி அதை லாகவமாகப் பிடித்துக் கூடையில் போட்டார். போலீஸ்காரர் தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

"கெளம்புங்கமா. உங்கள இன்னும் ஒரு கேள்வி கேட்டா எங்க ஊர் பேரு எனக்கே மறந்துடும்."

ரெண்டு அருள்

ஒருநாள் காலை. பூநாரை பார்க்க வந்தவர்களைப் படகுத்துறையில் இறக்கிவிட்டு டீ சொல்லியிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். "அருள் சம்சாரமா? அருள் பைக்ல வுழுந்துட்டாரு. மணல்ல வழுக்கிட்ச்சி. மீஞ்சூர் ஆஸ்பத்திரிக்கு எட்த்துனு போறோம், வந்துடுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் பிஸி. அருளின் போனுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது.

வண்டிக்கு ஓடினேன். அங்கே, நண்டு வாங்கத் துறைக்கு வந்திருந்த கன்னியம்மா அக்கா நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கையில் போன். "ஸ்டெல்லா, மீஞ்சூர் போவணும். அருள் வுழுந்துட்டாராம்" என்றார். அவர் காட்டிய நம்பரும் எனக்கு வந்த நம்பரும் ஒன்று. கூப்பிட்ட புண்ணியவான் எந்த அருள் என்று தெரியாமல், யாரோ கொடுத்த இரண்டு நம்பருக்கும் சொல்லிவிட்டார். சில நாள் இருவரும் ஒரே பைக்கில் போவார்கள். அன்றைக்கு எப்படிப் போனார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

எப்போதும் பின்சீட்டில் கூடையோடு உட்காரும் அக்கா அன்றைக்கு முன்னால் உட்கார்ந்தார். கடைத்தெருவைத் தாண்டினோம். அப்புறம், "என்னுது நீலச் சட்ட போட்னு போச்சி. உன்னுது?" என்றார். யோசித்தேன். காலையில் நான்தான் சோறு கட்டிக் கொடுத்தேன். வாசல் வரை வந்தேன். பெட்ரோல் போட மறக்காதீர்கள் என்றுகூடச் சொன்னேன். என்ன சட்டை போட்டிருந்தார் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, ஒரு சட்டையின் நிறம் தெரியவில்லை. அக்கா அந்த நம்பருக்கு மறுபடி மறுபடி அடித்தார். ஒருமுறை எடுத்துவிட்டார்கள். "சட்ட இன்னா கலருப்பா?" என்று கேட்டார் அக்கா. எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. போனை மடியில் வைத்தார். "ரத்தமா கீதாம். தெரியலயாம்" என்றார்.

நான் மாதா படத்தைப் பார்த்தேன். என்ன கேட்பது? என் அருளாக இருக்கக் கூடாது என்று கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருடைய அருளாக இருக்கட்டும் என்று கேட்பதாக ஆகும். மாதாவே என்று ஆரம்பித்து, அதற்கு மேல் போகத் தெரியாமல் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அக்காவும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் எதுவரை போனார் என்று எனக்குத் தெரியாது. வண்டி மட்டும் அன்றைக்கு அது வரை காட்டாத வேகத்தில் போனது. கதவெல்லாம் நடுங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் திரும்பினேன். வராந்தாவில் அருள்தாஸ் நின்றுகொண்டிருந்தார். முழுசாக இருந்தார். கையில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு. சட்டை பழுப்பு நிறம், அதில் ரத்தக் கறை. அவருடைய ரத்தம் இல்லை. எனக்கு உள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. அக்கா வராந்தாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி ஓடினார்.

அருள்முருகனுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது, தலையில் தையல் போட்டார்கள். அருள்தாஸ் பெட்ரோல் தீர்ந்த தன் பைக்கை வழியில் விட்டுவிட்டு, வேறொருவர் பைக்கில் பின்னால் வந்திருக்கிறார். அருள்தாஸ்தான் தூக்கிவந்து சேர்த்தவர். அவர் போன், முந்தின நாள் மறந்து வைத்த காண்ட்ராக்டரின் ஷெட்டிலேயே கிடந்திருக்கிறது. உயிருக்குப் பயமில்லை, நடப்பார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அக்கா வெளியே பெஞ்சுக்கு வந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதில் என் சந்தோஷமும் கலந்து வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தொடையில் தட்டினார்.

"உன் ஆளப் பாத்ததும் ஒரு மூச்சு வுட்ட பாரு, அதுலதான் எனக்குச் சேதி தெரிஞ்சிது. மாறி இருந்தா நானும் அதேதான் வுட்டிருப்பேன். மூஞ்சத் தொங்கப் போடாத, வா, டீ குடிக்கலாம்."

வேலைக்குப் போகிறவர்

அதற்கப்புறம் அருள்தாஸ் பைக்கைத் தொடவில்லை. காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறேன். ஆரம்பத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து, பஸ் எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். நாளாக நாளாகக் கண்ணைத் திறந்தார். பிறகு ஒருநாள் அவராகவே முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி பின்னால் போய்விடுவாரோ என்று தோன்றியது. வழியில் கோரைக்குப்பம் போய் அருள்முருகனையும் ஏற்றிக்கொள்கிறோம். அவர் கோல் ஊன்றி நடக்கிறார். நின்று செய்கிற வேலை இன்னும் முடியாது என்பதால் காண்ட்ராக்டர் அவரை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார். வண்டிக்குள் நான் "அருள்" என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

வேலையிடத்து வாசலில் இருக்கும் வாட்ச்மேனுக்கு முதலில் தலைகால் புரியவில்லை. கார், டிரைவர், பக்கத்தில் ஒரு ஆள், பின்னால் கோலோடு ஒரு ஆள். பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து சல்யூட் வைத்தார். அருள்தாஸும் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கூட வேலை செய்கிற ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "இன்னா அருளு, தெனம் டாக்ஸிலதான் வர்ற? வாடக எப்டிப்பா கட்டுப்படியாவுது?" என்று கேட்டார். அருள் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரி என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் வந்தது வேறு.

"சாயங்காலம் நான் சீக்கிரம் ஊட்டுக்குப் போயி கொழம்பு வெச்சிடுவேன், அதுல கழிஞ்சிடும்."

அன்பர்களே, இந்தச் சின்ன வண்டியில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்கு விளங்குவதற்குத்தான் இடம் போதவில்லை.